கோ-கார்ட் டார்க் கன்வெர்ட்டர் எந்த மாடல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கார்ட்டில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர்தானா, கிளட்ச்சா?

இன்ஜின் தண்டிலிருந்து செயின் நேராகப் பின் அச்சுக்குப் போகிறதா? தண்டின் முனையில் இருப்பது மூடிய டிரம்மும் அதோடு சேர்ந்த பல்சக்கரமுமா? அப்படியானால் அது சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச் (இன்ஜின் வேகம் கூடும்போது தானாகப் பிடிக்கும் கிளட்ச்). இந்தப் பக்கம் அதற்கானது அல்ல.

இன்ஜின் தண்டில் ஒரு புல்லி, சற்றுத் தள்ளி இன்னொரு பெரிய புல்லி, நடுவே ரப்பர் பெல்ட், பெரிய புல்லியின் தண்டிலிருந்து செயின் என்று இருந்தால் அதைத்தான் கார்ட் உலகில் டார்க் கன்வெர்ட்டர் என்கிறார்கள். ஆட்டோமேட்டிக் காரில் எண்ணெய்க்குள் சுழலும் டார்க் கன்வெர்ட்டருக்கும் இதற்கும் பெயரைத் தவிர எந்த உறவும் இல்லை. ஸ்கூட்டரில் இருப்பது போன்ற பெல்ட் சிவிடிதான் இது, அதாவது விகிதம் படிப்படியாக அல்லாமல் தொடர்ச்சியாகத் தானே மாறும் அமைப்பு. இணையத்தில் தேடும்போது கார் பாகங்கள் வந்து விழுவதற்கு இந்தப் பெயர்க் குழப்பமே காரணம்.

இன்ஜின் தண்டில் இருப்பதை டிரைவ் புல்லி என்றும், பின்னால் இருப்பதை டிரிவன் புல்லி என்றும் இங்கே சொல்கிறோம். ஒவ்வொரு புல்லியிலும் இரண்டு தட்டுகள். டிரைவ் புல்லி வேகம் எடுக்கும்போது உள்ளிருக்கும் எடைகள் வெளியே விரிந்து ஒரு தட்டை மற்றதை நோக்கித் தள்ளும். பெல்ட் மேலே ஏறும். அதே நேரம் டிரிவன் புல்லியின் ஸ்பிரிங்கை எதிர்த்து அதன் தட்டுகள் விலக, பெல்ட் அங்கே கீழே இறங்கும். கியர் மாறுவது இவ்வளவுதான்.

மாடலைக் கண்டுபிடிக்க முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பெல்ட்டை. மூடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையோ, கார்ட்டின் பெயரையோ, விற்றவர் சொன்னதையோ அல்ல. மூடிகள் எளிதில் மாறிப் போகும். பழைய கார்ட்டில் இன்ஜினே இரண்டு முறை மாறியிருக்கலாம். பெல்ட் மட்டும், சரியாக ஓடிக்கொண்டிருந்த வண்டியின் பெல்ட்டாக இருந்தால், பொய் சொல்லாது.

இன்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். பெல்ட்டைக் கழற்றி, ஓர் இடத்தில் இலேசாக மடக்கி, குறுக்குவெட்டு எப்படி இருக்கிறது என்று கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இரண்டே வடிவங்கள்தான் வரும்.

ஒன்று, இரண்டு பக்கமும் ஒரே அளவு சரிந்த வடிவம். சாதாரண வி-பெல்ட் போல. இது சமச்சீர் பெல்ட். 20 சீரிஸ், 40 சீரிஸ் (இவை அளவுக் குடும்பங்களின் பெயர்கள், விளக்கம் கீழே) இரண்டும் இந்த வகை.

மற்றது, ஒரு பக்கம் கிட்டத்தட்டச் செங்குத்தாக, மறுபக்கம் மட்டும் நன்றாகச் சரிந்த வடிவம். வி எழுத்தின் ஒரு காலை நிமிர்த்தி வைத்தது போல இருக்கும். இதைப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது: பெரும்பாலும் அது 30 சீரிஸ். சிறிய இன்ஜின் கார்ட்களில் அதிகம் காணப்படும் குடும்பமும் இதுவே.

பெல்ட் அறுந்து தொலைந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

தட்டுகளைப் பாருங்கள். ஒரு சிறிய இரும்பு ஸ்கேலை எடுத்து, டிரைவ் புல்லியின் இன்ஜின் பக்கத் தட்டின் மேல், நடுத்தண்டிலிருந்து விளிம்பு நோக்கிப் படிய வையுங்கள். ஸ்கேல் தண்டுக்குச் செங்குத்தாகப் படிந்தால் அது தட்டைத் தட்டு. எதிர்ப்பக்கத் தட்டில் வைத்தால் ஸ்கேல் சாய்ந்து நிற்கும். ஒன்று தட்டை, மற்றது சாய்வு என்றால் 30 சீரிஸ் பெல்ட்டுக்கான புல்லி. இரண்டிலும் ஒரே மாதிரி சாய்ந்தால் சமச்சீர் பெல்ட்டுக்கான புல்லி.

இதே சோதனையை டிரிவன் புல்லியிலும் செய்யுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். முன்னால் தட்டை, பின்னால் இருபுறச் சாய்வு என்று வந்தால், யாரோ இரண்டு வேறு குடும்பங்களைச் சேர்த்து மாட்டியிருக்கிறார்கள். பெல்ட் அடிக்கடி எரிந்துபோனதற்கான காரணமும் அப்போது தெரிந்துவிடும்.

20, 30, 40 சீரிஸ்களைப் பிரித்துச் சொல்ல முடியுமா?

இந்த எண்கள் காமெட் நிறுவனத்தின் பெயரிடலில் இருந்து வந்தவை. இப்போது வேறு பல தயாரிப்பாளர்களும் அதே அளவில் செய்து, அதே சீரிஸ் எண்ணைச் சொல்லியே விற்கிறார்கள். எனவே சீரிஸ் எண் என்பது கம்பெனிப் பெயரல்ல, அளவுக் குடும்பத்தின் பெயர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

30 சீரிஸ்: ஒருபக்கச் சாய்வு பெல்ட். டிரைவ் புல்லியின் துளை 3/4 இன்ச் அல்லது 1 இன்ச். டிரிவன் புல்லியின் வெளிவிட்டம் பொதுவாக 6 இன்ச் அல்லது 7 இன்ச். ஏறத்தாழ 8 குதிரைத்திறன் வரையிலான ஒற்றை சிலிண்டர் இன்ஜின்களுக்கு ஏற்றது. விகிதம் தொடக்கத்தில் சுமார் 2.7:1, உச்சத்தில் சுமார் 0.9:1. அதாவது இன்ஜின் 3600 ஆர்பிஎம்மில் இருக்கும்போது பின் புல்லி தொடக்க விகிதத்தில் ஏறக்குறைய 1330 சுற்றும், முழுதாக மாறிய பிறகு 4000 சுற்றும் சுற்றும். கடைசியில் பின் புல்லி இன்ஜினை விட வேகமாகச் சுற்றுவதைக் கவனியுங்கள்.

40 சீரிஸ்: சமச்சீர் பெல்ட், மேல் அகலம் சுமார் 7/8 இன்ச் (22 மிமீ). கையில் எடுத்தாலே கனம் தெரியும். 8 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட, பெரும்பாலும் 1 இன்ச் தண்டு கொண்ட இன்ஜின்களில் வரும். 3/4 இன்ச் துளையோடும் கிடைக்கும் என்பதால் துளையை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

20 சீரிஸ்: சமச்சீர் பெல்ட், ஆனால் 40-ஐ விட ஒடுக்கமானது. சிறிய இன்ஜின் பொருத்திய பழைய கார்ட்களிலும் மினி பைக்குகளிலும் பார்க்கலாம். பெல்ட் அகலத்தில் இது 30-க்கு அருகில் வருவதால் பலர் ஏமாறுவது இங்கேதான். அகலம் பிரித்துக் காட்டாது, வடிவம்தான் காட்டும்.

இவற்றுக்கு மேலே 780, 94சி போன்ற பெரிய காமெட் யூனிட்களும் உண்டு. அவை பெரிய பக்கி வண்டிகளுக்கும் பனிச்சறுக்கு வண்டிகளுக்கும் உரியவை. கையடக்கமான 200 சிசி இன்ஜினில் அதைப் பார்த்தால் யாரோ கையில் கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

பாக எண் எங்கே இருக்கும்?

பெல்ட்டின் வெளிமுதுகில் அச்சிட்டிருக்கும். முதலில் அழிவதும் அதுதான். உலோகத்தில் என்றால் டிரைவ் புல்லியின் வெளி மூடித் தட்டிலும், டிரிவன் புல்லியின் நிலைத்தட்டின் (நகராத தட்டின்) பின்புறத்திலும், நடுப்பகுதியைச் சுற்றியும் தேடுங்கள். காமெட் எண்கள் பொதுவாக 6 இலக்கம். பெல்ட் எண்கள் 203 என்று தொடங்குவது வழக்கம். கடைசியில் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

பெல்ட் தூள் கருப்பாகப் படிந்து எண்ணை மறைத்திருக்கும். பிரேக் கிளீனர் தெளித்துத் துணியால் துடைத்து, உலர விடுங்கள். பிறகு வெள்ளைச் சாக்பீஸை அந்த இடத்தின் மேல் படுக்கவைத்துத் தேய்த்து, விரலால் ஒருமுறை மட்டும் வழித்துவிடுங்கள். பள்ளத்தில் சாக்பீஸ் தங்கி எண் வெள்ளையாகத் தெரியும். இன்னும் தெரியவில்லையென்றால் கைபேசி டார்ச்சைத் தட்டின் விளிம்போடு ஒட்டிப் படுக்கையாக அடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத பள்ளம் பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழலாகத் தெரியும்.

கிடைத்த எண் வார்ப்பு எண்ணாகவும் இருக்கலாம். உலோகத்தோடு சேர்ந்து புடைத்து நிற்கும் எண் பெரும்பாலும் அச்சுக்கான எண். குத்தி அடித்த எண்தான் நமக்கு உதவும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணே இல்லை. அளந்து கண்டுபிடிக்க என்னென்ன அளவுகள் வேண்டும்?

ஏழு அளவுகள் போதும். வெர்னியர் காலிப்பர் கட்டாயம் வேண்டும், தையல் டேப்பில் முடிகிற காரியமல்ல.

இன்ஜின் தண்டின் விட்டம். கீ பள்ளத்தின் (புல்லி தண்டில் வழுக்காமல் பிடிக்கும் சிறு உலோகக் கட்டையான கீ உட்காரும் பள்ளத்தின்) அகலம். டிரிவன் புல்லி உட்கார்ந்திருக்கும் தண்டின் விட்டம். டிரிவன் புல்லியின் வெளிவிட்டம். பெல்ட்டின் மேல் அகலமும் வெளிச்சுற்றளவும். இரண்டு தண்டுகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையேயுள்ள தூரம்.

கடைசி அளவில்தான் பலர் தவறுவார்கள். நடுப்புள்ளியைக் கண்ணால் குறித்து அளக்கக் கூடாது. ஒரு தண்டின் வெளி விளிம்பிலிருந்து மற்ற தண்டின் வெளி விளிம்பு வரை அளந்து, இரண்டு தண்டுகளின் பாதி விட்டங்களையும் கழியுங்கள். உதாரணமாக, இன்ஜின் தண்டு 3/4 இன்ச் (19.05 மிமீ), பின் தண்டு 5/8 இன்ச் (15.88 மிமீ) என்றால் பாதிகள் 9.53-ம் 7.94-ம், சேர்த்து 17.47 மிமீ. வெளியிலிருந்து வெளிக்கு 180 மிமீ வந்தால் நடுத்தூரம் 162.5 மிமீ. இந்தத் தூரமும் டிரிவன் புல்லியின் விட்டமும் சேர்ந்துதான் பெல்ட் நீளத்தைத் தீர்மானிக்கின்றன. ஒரே சீரிஸில் பல நீளங்களில் பெல்ட் இருப்பதற்குக் காரணம் இதுவே.

பெல்ட் சுற்றளவை எடுக்க, அறுந்த பெல்ட் என்றால் தரையில் நேராக நீட்டி அளந்துவிடலாம். முழுப் பெல்ட் என்றால் வெளிமுதுகில் ஒரு கோடு போட்டு, மேசை விளிம்போடு வைத்த டேப்பின் மேல் நழுவாமல் ஒரு முழுச் சுற்று உருட்டுங்கள். கோடு மீண்டும் மேசையைத் தொடும் இடம் சுற்றளவு. மூன்று முறை உருட்டி மூன்றும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். பழைய பெல்ட் நீண்டும் ஒடுங்கியும் போயிருக்கும் என்பதால், கிடைத்த எண்ணை அப்படியே புதுப் பெல்ட்டின் அளவாக எடுக்காமல், பட்டியலில் அதற்கு அருகிலுள்ள அளவைத் தேட வேண்டும்.

தண்டு 19 மிமீ வருகிறது. 20 மிமீயும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. 3/4 இன்ச் என்பது 19.05 மிமீ. சில நாடுகளுக்கு வரும் இன்ஜின்களில் 20 மிமீ தண்டு இருக்கும். 3/4 இன்ச் புல்லி அதில் நுழையாது. சுத்தியலால் தட்டி நுழைக்க முயன்றால் புல்லியும் போகும், தண்டும் போகும். 20 மிமீ துளைப் புல்லியை 19.05 தண்டில் மாட்டினால் ஆட்டம் வந்து சில மணி நேரத்தில் கீ நசுங்கிவிடும்.

3/4 இன்ச் தண்டில் கீ அகலம் 3/16 இன்ச் (4.76 மிமீ), முனை போல்ட்டின் மரை வழக்கமாக 5/16-24 (5/16 இன்ச் விட்டம், இன்ச்சுக்கு 24 மரை). 1 இன்ச் தண்டில் கீ 1/4 இன்ச் (6.35 மிமீ), மரை வழக்கமாக 3/8-24. விட்டத்தில் சந்தேகம் வந்தால் கீ பள்ளத்தை அளந்து உறுதி செய்துகொள்ளலாம். ஹோண்டா ஜிஎக்ஸ்160, ஜிஎக்ஸ்200, அதே அளவிலான 212 சிசி இன்ஜின்கள் 3/4 இன்ச் பிரிவிலும், ஜிஎக்ஸ்270, ஜிஎக்ஸ்390 ஆகியவை 1 இன்ச் பிரிவிலும் வரும். ஆனால் ஒரே இன்ஜின் பல தண்டுகளோடு விற்கப்படுகிறது. தண்ணீர் பம்புக்கான இன்ஜினில் தண்டின் வெளிப்புறமே மரை வெட்டியிருக்கும். ஜெனரேட்டருக்கானதில் தண்டு கூம்பாகக் குறுகும். இரண்டிலும் சாதாரண டிரைவ் புல்லி உட்காராது. இன்ஜின் முகப்பிலேயே வேகக் குறைப்பு கியர்பெட்டி உள்ள மாடலும் வேண்டாம்: வெளித்தண்டு பாதி வேகத்தில் சுற்றினால் எடைகள் விரியாது, புல்லி மூடாது.

என் இன்ஜினில் ஓர் இரும்புத் தட்டு போல்ட் போட்டு, அதிலேயே பின் புல்லியும் இருக்கிறது. அது என்ன?

அது டிஏவி-2 பாணி. 30 சீரிஸையே ஒரு தட்டின் மேல் கட்டிக் கொடுத்த முழுத் தொகுப்பு. தட்டு இன்ஜினின் தண்டுப் பக்க முகத்தில் போல்ட்டில் உட்காரும். டிரிவன் புல்லி தாங்கும் குட்டித் தண்டு (5/8 இன்ச்) அந்தத் தட்டின் பேரிங்கிலேயே ஓடும்; அதன் மறுமுனையில் செயின் பல்சக்கரம். நடுத்தூரத்தைத் தட்டே நிர்ணயித்துவிடுவதால் பெல்ட் குழப்பம் குறைவு. 6 இன்ச் டிரிவன் கொண்ட இந்தத் தொகுப்புக்கான பெல்ட்டின் காமெட் எண் 203589. மேன்கோ என்ற தயாரிப்பாளரின் கார்ட்களில் இதே பெல்ட்டின் எண் 5959.

தட்டு இல்லாமல், பின் புல்லியின் தண்டு வண்டிச் சட்டத்தில் பேரிங் வைத்து நிற்கிறது என்றால் அது எந்தச் சீரிஸாகவும் இருக்கலாம். மேலே சொன்ன பெல்ட், தட்டுச் சோதனைகளைச் செய்யுங்கள். அப்படிப்பட்ட வண்டியில் 30 சீரிஸ் இருந்தாலும் 203589 பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 7 இன்ச் டிரிவனாக இருக்கலாம், இன்ஜினைத் தள்ளி மாட்டியிருக்கலாம். நடுத்தூரத்தை அளக்காமல் பெல்ட் வாங்கக் கூடாது.

செயின் எந்த நம்பர் என்று எப்படித் தெரியும்?

டிஏவி-2 பாணித் தொகுப்புகள் இரண்டு விதப் பல்சக்கரத்தோடு வரும்: 35 நம்பர் செயினுக்கு 12 பல், அல்லது 40/41/420 செயினுக்கு 10 பல். செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடு வரை 9.5 மிமீ என்றால் 35 நம்பர். 12.7 மிமீ என்றால் 40, 41, 420 மூன்றில் ஒன்று. இவற்றில் 40-ஐ மற்ற இரண்டிலிருந்து உள்ளகலம் பிரிக்கும்: 40-க்கு 7.9 மிமீ, 41-க்கும் 420-க்கும் 6.35 மிமீ. 11 இணைப்புகளைச் சேர்த்து அளந்து 11-ஆல் வகுத்தால் தேய்மானத்தின் பிழை எவ்வளவு என்பதும் தெரியும்.

ஒருபக்கச் சாய்வு பெல்ட்டை எந்தப் பக்கமாக மாட்டுவது?

தட்டைக்குத் தட்டை, சாய்வுக்குச் சாய்வு. டிஏவி-2 பாணியில் தட்டைப் பக்கம் இன்ஜினைப் பார்த்து, சாய்ந்த பக்கம் வெளியே பார்த்து வர வேண்டும்.

திருப்பி மாட்டினாலும் பெல்ட் உள்ளே போய்விடும், வண்டியும் நகரும். அதனால்தான் இந்தத் தவறு கண்ணுக்குத் தப்புகிறது. தட்டைச் சுவர் சாய்ந்த தட்டில் முழுதாகப் படியாமல் ஒரு மூலையில் மட்டும் உரசும். முதல் ஓட்டத்திலேயே ரப்பர் தீய்ந்த வாசனை, மூடிக்குள் நூல் நூலாகக் கருப்புத் தூள், பெல்ட்டின் ஒரு விளிம்பு மட்டும் பளபளவென்று மெருகேறியிருத்தல் ஆகியவை அடையாளங்கள்.

கார் ஃபேன் பெல்ட் அதே அகலத்தில் கிடைக்கிறது. போடலாமா?

கூடாது. ஃபேன் பெல்ட் நிலையான பள்ளத்தில் ஓடச் செய்யப்பட்டது. இங்கே தட்டுகள் பெல்ட்டை இரண்டு பக்கமும் நசுக்கும்; அந்த நசுக்கலைத் தாங்கும் குறுக்கு விறைப்பு அதற்குக் கிடையாது. நடுவில் குழிந்து, தட்டுகளுக்கு இடையே திருகிக்கொண்டு புரளும்.

ஒரிஜினல் காமெட் டிரைவும் வேறு கம்பெனி டிரிவனும் சேருமா?

ஒரே சீரிஸ் என்றால், ஒரே பெல்ட்டில் ஓடுவதால், பொதுவாகச் சேரும். புல்லியை முழுதாக மாற்றுவது பாதுகாப்பு. உள்ளே இருக்கும் புஷ் (தண்டைச் சுற்றி உட்காரும் உலோகக் குழாய்), எடை, ஸ்பிரிங் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கலப்பதில்தான் சிக்கல். புஷ்ஷின் நீளத்தில் அரை மிமீ வித்தியாசம் இருந்தாலும் போல்ட்டை இறுக்கும்போது தட்டு சிக்கிக்கொள்ளும்.

ஸ்பிரிங் நிறத்தை வைத்து மாடலைச் சொல்வதும் வேண்டாம். எந்த நிறம் எந்த ஆர்பிஎம்மில் பிடிக்கும் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். டிரிவன் புல்லியைப் பிரிக்கும்போது ஸ்பிரிங் முனை எந்தத் துளையில் இருந்தது என்று மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். துளைகள் பல இருக்கும். ஒரு துளை தள்ளி மாட்டினாலே வண்டியின் குணம் மாறும்: ஸ்பிரிங் அதிகம் முறுக்கினால் கியர் தாமதமாக ஏறும், மேட்டில் விரைவாக இறங்கும்.

இன்ஜின் மாற்றியிருக்கிறேன். அதே டார்க் கன்வெர்ட்டர் தாங்குமா?

6.5 குதிரைத்திறன் இன்ஜின் என்றால் 30 சீரிஸே சரியான இணை. 13 குதிரைத்திறன் இன்ஜினுக்கு 1 இன்ச் துளை கொண்ட 30 சீரிஸ் கிடைக்கிறது என்பதற்காக அதை மாட்டினால், நுழையும், தாங்காது. பெல்ட் சறுக்கி, சூடேறி, தட்டு நீலம் பூக்கும். அந்த இன்ஜினுக்கு 40 சீரிஸ் போட வேண்டும். துளை பொருந்துவதும் திறன் பொருந்துவதும் வேறு வேறு.

என் கார்ட்டில் இன்ஜினோடு ஒட்டிய நீளமான அலுமினியப் பெட்டிக்குள் பெல்ட் இருக்கிறது. இது எந்தச் சீரிஸ்?

எதுவும் இல்லை. அது ஸ்கூட்டர் வழி வந்த ஜிஒய்6 வகை இன்ஜின்; சிவிடி இன்ஜின் உடலிலேயே அடங்கியது. அதில் பெல்ட் எண்ணே அளவு: 842-20-30 என்றால் நீளம் 842 மிமீ, அகலம் 20 மிமீ, கோணம் 30 டிகிரி. 150 சிசியில் நீளப் பெட்டிக்கு 842-20-30, குட்டைப் பெட்டிக்கு 743-20-30 வழக்கம். எடைகளும் உருளை வடிவில் ஆறு இருக்கும். 150 சிசியில் 18x14 மிமீ.

வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே மெல்ல நகர்கிறது. தவறான மாடலா?

மாடல் தவறாக இருப்பதை விட, புஷ் காய்ந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம். 30 சீரிஸ் டிரைவ் புல்லியில், இன்ஜின் ஐட்லில் இருக்கும்போது பெல்ட் ஒரு வெண்கலப் புஷ்ஷின் மேல் உட்கார்ந்திருக்கும். தண்டு சுற்றும், புஷ் சும்மா இருக்க வேண்டும். அது காய்ந்து பிடித்துக்கொண்டால் பெல்ட்டையும் இழுத்துக்கொண்டு சுற்றும். முதலில் ஐட்ல் வேகம் கூடுதலாக இருக்கிறதா என்று பார்த்துக் குறையுங்கள். பிறகு இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, புஷ்ஷை விரலால் சுற்றிப் பாருங்கள். சுலபமாகச் சுற்றவில்லை என்றால் கழற்றிச் சுத்தம் செய்து, மெல்லிய எண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். எண்ணெய் ஒரு சொட்டுகூடப் பெல்ட் ஓடும் தட்டில் படக் கூடாது. கிரீஸ் இந்தப் பக்கமே வர வேண்டாம்; பெல்ட் தூளோடு சேர்ந்து பசையாகி மறுபடி பிடித்துக்கொள்ளும்.

உச்ச வேகம் வரவில்லை. பெல்ட் தப்பா, வேறு ஏதாவதா?

மார்க்கர் சோதனை செய்யுங்கள். டிரைவ் புல்லியின் ஒரு தட்டில், நடுவிலிருந்து விளிம்பு வரை நேராக ஒரு கருப்புக் கோடு. மூடியை மறுபடி மாட்டி, சமதரையில் முழு வேகத்தில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். பெல்ட் தொட்ட உயரம் வரை கோடு அழிந்திருக்கும்.

விளிம்பருகே வரை அழிந்திருந்தால் புல்லி முழுதாக மாறுகிறது; குறை செயின் விகிதத்திலோ இன்ஜினிலோ இருக்கிறது. பாதியிலேயே நின்றிருந்தால் மூன்று காரணங்கள்: பெல்ட் தேய்ந்து ஒடுங்கியிருக்கிறது, பெல்ட் நீளம் தவறு, அல்லது நகரும் தட்டு துருவிலோ தூளிலோ சிக்கியிருக்கிறது. ஒடுங்கிய பெல்ட் ஏன் தடுக்கிறது என்றால், தட்டுகள் முழுக்க நெருங்கிய பிறகும் பெல்ட் இடைவெளிக்குள் தாழ்ந்தே உட்காரும். மேலே தள்ள இனித் தட்டில் இடமில்லை. புதுப் பெல்ட்டின் அகலத்தோடு ஒப்பிட்டு 3 மிமீ குறைந்திருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

கடையில் கேட்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

"200 சிசி கார்ட்டுக்கு டார்க் கன்வெர்ட்டர் பெல்ட்" என்று கேட்டால் கையில் இருப்பதைக் கொடுப்பார்கள். இப்படிக் கேளுங்கள்: "30 சீரிஸ், ஒருபக்கச் சாய்வு பெல்ட், டிரிவன் 6 இன்ச், இன்ஜின் தண்டு 3/4 இன்ச், பின் தண்டு 5/8 இன்ச், நடுத்தூரம் இத்தனை மிமீ, செயின் 420, பல் 10." கூடவே பெல்ட்டின் குறுக்குவெட்டு தெரியும் ஒரு படமும், ஸ்கேல் படிந்த தட்டின் ஒரு படமும் அனுப்புங்கள். வண்டியின் முழுப் படம் யாருக்கும் எதையும் சொல்லாது.

டிரைவ் புல்லி தண்டை விட்டு வரவே மாட்டேன் என்கிறது.

முனை போல்ட்டைக் கழற்றிய பிறகு, நேர்த்துளைப் புல்லி கையாலேயே உருவிக்கொண்டு வர வேண்டும். வரவில்லை என்றால் துருதான். துரு நீக்கும் எண்ணெயைத் தண்டுக்கும் துளைக்கும் இடையே விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் புல்லர் என்ற இழுத்துக் கழற்றும் கருவியைப் பின்பக்க நிலைத்தட்டின் நடுக்குழாயில் கொக்கி மாட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். தட்டின் விளிம்பில் ஸ்குரூடிரைவர் கொடுத்து நெம்பினால் தட்டு வளையும்; வளைந்த தட்டு வெளியே பார்த்தால் தெரியாது, புதுப் பெல்ட் போட்டு ஓட்டும்போது அதிர்வாகத் தெரியும். வெளியே எடுத்ததும் தண்டின் துருவை 400 நம்பர் எமரித் தாளால் தேய்த்து, கீ பள்ளத்தின் விளிம்பில் பிசிர் இருந்தால் மெல்லிய அரத்தால் நீக்கி, இன்ஜின் பக்கம் இருந்த ஸ்பேசர் வளையம் பழைய இடத்திலேயே உட்காருகிறதா என்று பார்த்த பிறகே புதியதை மாட்டுங்கள். ஸ்பேசர் பழைய புல்லியோடு ஒட்டிக்கொண்டு வந்து குப்பையில் போய்விடுவதும், பிறகு பெல்ட் கோணலாக ஓடுவதும் வழக்கமாக நடப்பதுதான்.